பினாங்கில் மூன்று நாள்: சைவ அம்மாவை எங்கே அழைத்துப் போவது?

கேள்வி: அப்பா அம்மாவுடன் மூன்று நாள் பினாங்கு வருகிறோம். அம்மா சுத்த சைவம், மூட்டுவலியும் உண்டு. எங்கே தங்கலாம், எதைச் சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்? – மதுரை வாசகர்

பதில்: பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனிலேயே தங்குங்கள். கடற்கரைக்கு ஆசைப்பட்டு பத்து ஃபெரிங்கி என்ற கடலோரப் பகுதியில் அறை எடுத்தால், ஊருக்குள் வந்து போவதிலேயே பொழுது கழியும். கடலும் குளிப்பதற்கு அப்படியொன்றும் விசேஷமில்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டித் தங்கினால் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரம்தான்.

மற்ற கடைகளில்தான் அம்மாவுக்குக் கவனம் வேண்டும். இங்கே காய்கறி என்றாலே சைவம் என்று ஆகிவிடாது. கங்குங் கீரை வதக்கலில்கூட பெலாச்சான் போடுவார்கள், அதாவது இறால் விழுது. அசாம் லக்சா என்பது மீன் குழம்பில் வரும் நூடுல்ஸ். ஹொக்கியன் மீ என்பதும் நூடுல்ஸ்தான், அதற்கு இறாலும் பன்றி எலும்பும் கொதித்த சாறு. சீன பௌத்தர்களின் சைவக் கடைகளை நம்பிப் போகலாம். தட்டில் ஆட்டுக்கறி போலவே ஒன்று வரும், சோயாதான். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனர்கள் பலர் சைவம் என்பதால் அன்று இந்தக் கடைகளில் கூட்டம் அதிகம்.

நீங்களும் அப்பாவும் நாசி கண்டாரை விடக்கூடாது. கண்டார் என்றால் காவுதடி. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தோளில் சுமந்து விற்ற சாப்பாடு இது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கை காட்டினால் போதும். "குவா சம்போர்", அதாவது குழம்புகளைக் கலந்து, என்று சொல்லுங்கள். கோழி, மீன், கறி என ஒவ்வொரு சட்டியிலிருந்தும் கடைக்காரர் ஒரு கரண்டி குழம்பு மொண்டு சோற்றின் மேல் ஊற்றுவார். தட்டில் குழம்புகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். அந்தக் கலவையில்தான் ருசியே. பெரிய இறால், மீன் முட்டை எடுக்குமுன் விலை கேளுங்கள், பில்லில் அதிர்ச்சி வருவது அங்கேதான்.

தே தாரேக் என்ற நுரை பொங்க ஆற்றிய பால் டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும், "கூராங் மானிஸ்" என்றால் குறைப்பார்கள். பினாங்கு ரோடு பக்கத்துச் சந்தில் செண்டோல் கிடைக்கும்: துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிற மாவுத் துண்டுகள். என் ஓட்டு சாதிக்காய் ஜூஸுக்கு.

காலை எட்டு மணிக்கெல்லாம் கப்பித்தான் கெலிங் மசூதித் தெருவில் நடங்கள். மசூதி, மாரியம்மன் கோயில், சீனர் கோயில், தேவாலயம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஏற்றமும் இல்லை. பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது, அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. அம்மாவுக்கு வேண்டாம். அதே சாலையில் 1857-இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் தரைமட்டத்திலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்துவார்கள், காலையில் போங்கள். பினாங்கு மலைக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக ரயில் ஓடுகிறது, உட்கார்ந்தபடியே ஏறலாம். சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், வரிசையில் நிற்பதிலேயே அம்மாவின் கால் போய்விடும்.

ஜூன், ஜூலையில் வந்தால் டுரியான் பழம் கிடைக்கும். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், அதன் வாடைக்கு ஓட்டல் அறைக்குள் விடமாட்டார்கள்.