முதல் பிரசவத்தில் பிரஷர் வந்தது, இரண்டாவதிலும் வருமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் கூடியது. வலிப்பு வந்துவிடும் என்று சொல்லி 33 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மகனுக்கு இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறான். இப்போது மறுபடி 11 வாரம். கொழுந்து எடுத்துச் சுமை தூக்கியதால்தான் அப்படி ஆனது என்று வீட்டில் சொல்கிறார்கள். உப்பை நிறுத்திவிட்டேன். மாமி தன்னுடைய பிரஷர் மாத்திரையில் பாதி தரவா என்கிறார். இந்தப் பிள்ளையும் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிடுமா?"

தங்கச்சி, முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். பிரஷருக்குப் பலரும் குடிக்கிற லொசார்டன், எனலாப்ரில் போன்றவை வயிற்றில் உள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. கர்ப்பிணிகளுக்கு மெத்தில்டோபா, லபெட்டலோல், நிஃபெடிபின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. தேவைப்பட்டால் டொக்டர் அவற்றைத் தருவார்.

உங்களுக்கு வந்தது ப்ரீஎக்லாம்சியா என்கிற கர்ப்பகாலப் பிரஷர் நோய். அது திரும்ப வருமா என்றால், வரலாம். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டியிருந்த தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் இது வருகிறது. மற்ற இருவருக்கு வருவதில்லை. வந்தாலும் பல சமயம் முதல் தடவையை விடப் பிந்தித்தான் வரும். அதனால் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிடும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

நீங்கள் 11 வாரத்திலேயே கேட்டது பெரிய நன்மை. ஏனென்றால் இதைத் தடுக்க நம்மிடம் இருக்கிற முக்கியமான மருந்துக்கு நேரம் இப்போதுதான். குறைந்த அளவு அஸ்பிரினைத்தான் சொல்கிறேன். 12 வாரத்திலிருந்து, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில், பொதுவாக 36 வாரம் வரை கொடுப்பார்கள். 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆபத்து கூடிய தாய்மாருக்கு 150 மில்லிகிராம் கொடுத்தபோது, இந்த நோயில் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடுகிற வகை பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் கடையில் நீங்களாக வாங்கிக் குடிக்கக் கூடாது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். டெங்கு இருக்கிற நாடு இது, காய்ச்சல் வந்தால் அஸ்பிரினைத் தொடராமல் உடனே டொக்டரைக் கேளுங்கள்.

ஆகவே இந்த வாரமே மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிந்து, கிளினிக்கில் டொக்டரைப் பாருங்கள். முதல் பிரசவத்தின் டயக்னோசிஸ் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். "பிரஷர் இருந்தது" என்று வாயால் சொல்வதை விட "33 வாரம்" என்று எழுதியிருக்கிற அந்த அட்டைதான் அஸ்பிரினையும், நிபுணர் கிளினிக்குக்கான கடிதத்தையும் பெற்றுத் தரும். அட்டை தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லுங்கள், பிரசவம் நடந்த வைத்தியசாலையில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, உங்கள் மனதில் கிடக்கிற அந்தப் பாரத்தைப் பற்றி. கொழுந்துக் கூடை இதற்குக் காரணம் இல்லை. இந்த நோய் தொடங்குவது நச்சுக்கொடியில். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்ப்பப்பைச் சுவரில் உள்ள இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து நச்சுக்கொடிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை விரிவதில்லை. மெல்லிய குழாயில் பீலிக்குத் தண்ணீர் வருவதுபோல் இரத்தம் குறைவாகவே போகிறது. அப்போது நச்சுக்கொடியிலிருந்து சில பொருட்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் பாதிக்கின்றன. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90க்கு மேல் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும், ஈரல், மூளை பாதிக்கப்படுவதும், பிள்ளை சிறுத்துப் போவதும் எல்லாம் அதிலிருந்துதான். நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. வீட்டில் யாராவது மறுபடி சொன்னால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

உப்பை நிறுத்துவதால் இது நிற்காது. வழமையான அளவில் சாப்பிடுங்கள். கால் வீங்குகிறது என்று தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம். கிளினிக்கில் தருகிற கல்சியம் மாத்திரையை விடாதீர்கள். பால், நெத்தலி அதிகம் கிடைக்காத வீடுகளில் அது இந்த நோயைக் குறைக்கவும் உதவுகிறது. இரும்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்தில், பிளேன் டீ இல்லாமல் குடியுங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு எந்தக் கிளினிக்கையும் தவறவிடாதீர்கள். பிரஷர் ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பிரஷரும் யூரினும் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

அப்புறம், நேரம். மலையில் இருக்கிற நமக்கு இதுதான் பெரிய விஷயம். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது அல்லது பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல் வயிற்றில் வலி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேல் வயிற்று வலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவது எனக்கு மிகவும் கவலை தருகிற வழக்கம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் அது ஏற முடியாமல் போகலாம். ஆகவே தார் ரோடு வரை கொண்டுவிட யாருடைய ஓட்டோ என்பதை ஏழாம் மாதத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

அவசரம் ஏன் என்றால், முந்திப் பிறக்கப் போகிற பிள்ளையின் நுரையீரலைத் தயார்படுத்தத் தாய்க்கு ஸ்டீராய்ட் ஊசி போடுவார்கள். அது நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வலிப்பைத் தடுக்கிற மக்னீசியம் சல்பேட்டும் வலிப்பு வருவதற்கு முன்பே ஏற வேண்டும். 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு அது வலிப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. விடியும்வரை காத்திருக்காமல் இரவே கிளம்பினால் இரண்டுக்கும் நேரம் கிடைக்கும்.

"ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. உங்கள் மகனே சாட்சி. வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். அதனால்தான் பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் டொக்டர்மார் 37 வாரம் வரை கொண்டுபோகப் பார்ப்பார்கள். கட்டுக்கு அடங்காவிட்டால் முந்தியே எடுப்பார்கள். இந்த நோய்க்குப் பிரசவம்தான் தீர்வு.

பிரசவம் முடிந்த அன்றே எல்லாம் சரியாகிவிடாது. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி ஏறலாம். வீட்டுக்கு வந்த பிறகும் வலிப்பு வரலாம். மாத்திரை தந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் கடும் தலைவலி வந்தாலும் அழைக்க வேண்டியது 1990தான்.