ஓட்ஸ் குக்கீஸ் ஆறியதும் கல்லு மாதிரி ஆகிவிடுகிறதே, மெத்தென்று வர என்ன செய்வது?

பெரும்பாலும் ஓவனில் இருந்து தாமதமாக எடுப்பதுதான் காரணம். செய்முறைகளில் "பொன்னிறமாகும் வரை" என்று போட்டிருப்பார்கள். இந்தக் குக்கீஸுக்கு அதை நம்பாதீர்கள். நடுப்பகுதியும் பொன்னிறமாகிவிட்டால் ஆறியபின் மொறுமொறுதான். 175 டிகிரி செல்சியஸில் 9ஆவது நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள். ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து இறுகியிருக்கும்; நடு வெளுத்து, உப்பி, விரலால் தொட்டால் குழி விழும். வேகவே இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். எடுத்துவிடுங்கள். சூடான தட்டிலேயே 5 முதல் 10 நிமிடம் விட்டால் மீதி வேக்காடு அதுவாக முடியும். அதற்குள் கிளப்பினால் பிய்ந்துவிடும்.

அப்புறம் சர்க்கரை. பிரவுன் சுகரில் உள்ள மொலாசஸ் என்ற கரும்பழுப்புப் பாகு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த இழுபதம் வருவதே அதனால்தான். வெள்ளைச் சர்க்கரை கூடினால் குக்கீஸ் பரவித் தட்டையாகி, மொறுமொறுப்பாகும். ஆகவே பிரவுன் சுகர் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நான் போடும் அளவு: வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 110, வெள்ளைச் சர்க்கரை 40, ஒரு முட்டை, மைதா 95, ஓட்ஸ் 130, உலர் திராட்சை 100 கிராம். பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா, பட்டைத்தூள். மைதாவைக் கப்பில் அமுக்கி அளந்தால் சுலபமாகக் கூடிவிடும், மாவு வறண்டுபோகும். தராசில் நிறுப்பதே நல்லது.

வெண்ணெய் அழுத்தினால் அமுங்கும் பதத்தில் இருந்தால் போதும், உருக்க வேண்டாம். சர்க்கரையோடு கலந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள். ரொம்ப நேரம் அடித்தால் காற்று ஏறி கேக் மாதிரி ஆகும். முட்டை, வெனிலா சேர்த்த பிறகு மைதா, சோடா, உப்பு, பட்டைத்தூள். வெள்ளை மறையும் வரை கிளறினால் போதும். கடைசியில் ஓட்ஸ், திராட்சை.

ஓட்ஸ் முழு இலையாகத் தட்டிய ரோல்டு ஓட்ஸாக இருக்கட்டும். உடனடி ஓட்ஸ் போட்டால் கடிக்க ஒன்றுமே இருக்காது. தட்டாமல் துண்டுகளாக நறுக்கிய ஸ்டீல் கட் வகையோ அந்த 10 நிமிடத்தில் வேகாமல் பல்லில் நறுக்கென்று படும். திராட்சையை 10 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துச் சேருங்கள். வறண்ட திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பலரும் தாண்டிப்போகிற ஒரு படி: மாவை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பது. ஓட்ஸ் ஈரத்தைக் குடித்து மென்மையாகும், வெண்ணெய் இறுகுவதால் குக்கீஸும் பரவாமல் தடிமனாக வரும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டைகளாக இடம்விட்டு வையுங்கள். சுமார் 16 வரும். தட்டையாக அமுக்க வேண்டாம்.

முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். ஏற்கனவே கெட்டியாகிப்போனவை கைவசம் இருந்தால், டப்பாவில் ஒரு துண்டு பிரெட் போட்டு ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். பிரெட் காய்ந்து குக்கீஸ் இளகும். மைக்ரோவேவில் 10 விநாடி வைத்தாலும் இளகும், ஆனால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.