வாசகர் கேள்விகள்: ஒரு பென்னிக்குத் தூக்குமேடைப் பாட்டு

பழைய ஆங்கிலக் கொலைப் பாட்டுத் தாள்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். கொலைக்குற்றவாளியின் கதையைப் பாட்டாக ஒற்றைத் தாளில் அச்சடித்து, தூக்கிலிடும்போது கூட்டத்தில் ஒரு பென்னிக்கு (சில்லறைக் காசு) விற்றவை அவை. வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

எங்க ஏரியாவுல சாவு வீட்டுல மரண கானா பாடுவோம். அந்த ஆங்கில ஒப்பாரியும் இதே சங்கதிதானா?
– வாசகர், காசிமேடு

அழுகை ஒன்றுதான், அழும் வாய் வேறு. மரண கானாவில் இருப்பவர்கள் செத்தவரைப் பாடுகிறார்கள். ஆங்கிலத் தாளில் சாகப்போகிறவரே பாடுவார், அதுவும் கொலை செய்தவர். "கெட்டுப்போனேன், என்னைப் பார்த்தாவது திருந்துங்கள்" என்ற தோரணை. கொலையுண்டவருக்கு ஒன்றிரண்டு சரணம் கிடைத்தால் அதிகம்.

அந்த 'நான்' கைதியின் சொந்தக் குரல் என்று நம்பிவிட வேண்டாம். கென்ட் பகுதியின் ஃபேவர்ஷாமில் 1551-இல் ஆர்டன் என்பவரை அவர் மனைவி ஆலிஸ் ஆள் வைத்துக் கொன்றார். கணவனைக் கொன்ற பெண்ணை எரித்துக் கொல்வது அன்றைய சட்டம். அவருக்கும் அதுதான் நடந்தது. அவர் வாயாலேயே புலம்புவதுபோல் ஒரு தாள் இருக்கிறது. அது அச்சானது 1630-களில்! செத்து 80 வருஷம் கழித்து வந்து பாடுகிறார்.

நெருங்கிய சொந்தம் தேடினால் அது உங்கள் பக்கத்துக் குஜிலிக் கடைகளில் (பழைய சென்னையின் மலிவுச் சந்தை) காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச் சிந்து. அதில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலைப்பை ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஆங்கிலத் தாளிலும் அப்படியே. ஸ்வரக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது. 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த சில தாள்களில் இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் பாட்டே வராது, ஒப்புக்கு வைத்தது.

கையால் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், தூக்குப் போட்ட கையோடு தாள் விற்பனைக்கு வந்தது எப்படி?
– அச்சுக்கோர்த்த அனுபவமுள்ள வாசகர், மின்ட் தெரு

ஒரு கணக்கைப் பாருங்கள். போல்ஸ்டெட் கிராமத்துச் சிவப்புக் களஞ்சியக் கொலை வழக்கில் (கொலை நடந்தது 1827) வில்லியம் கார்டருக்கு 1828 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை தீர்ப்பு. 11-ஆம் தேதி, திங்கள் நண்பகல் தூக்கு. 1752-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொலைக்குற்றவாளியை, தீர்ப்புக்கு அடுத்த நாள் விட்டு மறுநாள் தூக்கிலிட வேண்டும். அந்த நாள் ஞாயிறாக இருந்தால் திங்களுக்குத் தள்ளும். ஆக அச்சகத்துக்குக் கிடைத்தது மூன்று நாள்கூட இல்லை. இருவர் இழுக்கும் கைப்பிரஸ்ஸில் மணிக்கு 200 முதல் 250 தாள், ஒரு பக்கம் மட்டும்.

இந்த நெருக்கடியில் புதிதாகப் பாட்டு கட்ட யாருக்கு நேரம்? ஊர், பேர், ஆயுதம் மூன்றையும் மாற்றினால் பாட்டு ரெடி. லண்டன் செவன் டயல்ஸில் 1813-இல் அச்சுக்கடை போட்ட ஜேம்ஸ் கேட்னாக் போன்றவர்கள் ஒரு பாட்டுக்கு ஒரு ஷில்லிங் கொடுப்பார்கள். அந்தக் கூலிக்கு அவ்வளவுதான் வரும். பாட்டோடு சேர்த்து உரைநடையில் வரும் வாக்குமூலம்தான் கடைசி நிமிடச் சரக்கு: கார்டர் வாக்குமூலம் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை, தூக்குக்கு முந்தின நாள். கேட்னாக்கின் கார்டர் தாள் 11 லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள்.

ஆபத்தும் உண்டு. கடைசி நேரத்தில் தண்டனை குறைந்தால் 'இறுதி மொழிகள்' அடித்து வைத்த கட்டு முழுதும் பொய். தூக்கு வாசலில் விற்காவிட்டால் மறுநாள் அதற்கு மதிப்பில்லை என்பதால் அந்த ஆபத்தை எடுக்காமலும் முடியாது. 1868-இல் பொது இடத்தில் தூக்கிலிடுவது நின்றதும் சந்தையே போயிற்று.

இந்தத் தாள்களை இணையத்தில் பார்த்தேன். வேறு வேறு கொலை, படம் மட்டும் ஒன்றே. ஏன்?
– வாசகர், ராயபுரம்

செதுக்க ஆகும் செலவுதான் காரணம். ஒரு மரக்கட்டை பல பத்தாண்டு ஓடும். உங்களுக்கு அதில் ஒரு லாபம் உண்டு. கட்டையைப் புழு அரித்த ஓட்டையில் மை ஒட்டாது, தாளில் வெள்ளைப் புள்ளியாக விழும். புள்ளி குறைவாக உள்ள தாள் முந்தையது, கூடுதலாக உள்ளது பிந்தையது. ஓரக்கோட்டில் விழுந்த விரிசலும் அப்படியே பெரிதாகிக்கொண்டு போகும். தாளில் உள்ள கறையைப் புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். கறை கருமையாகத் தெரியும்.

கல்லூரி விழாவில் இப்படி ஒரு பாட்டைத் தமிழில் பாட ஆசை. எப்படி அமைப்பது?
– மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

'ஃபார்ச்சூன் மை ஃபோ' என்ற மெட்டை எடுங்கள். 'தூக்கு மெட்டு' என்றே அதற்குப் பேர். ஆர்டன் மனைவியின் புலம்பலும் இதில்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக சாந்தா பார்பரா வளாகத்தின் பழம்பாட்டுக் காப்பகத்தில் தாள்களின் படமும் பாடிய பதிவுகளும் இலவசமாகக் கிடைக்கும். அக்கால ஆங்கில இசையமைப்பாளர்கள் பேர்டு, டௌலண்ட் இருவரும் இதை வாத்தியத்துக்கு அமைத்திருக்கிறார்கள். மைனர் சாயல், கீரவாணி கேட்ட காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

சரணத்துக்கு நாலடி. முதல் இரண்டு அடிக்கும் ஒரே மெட்டு, மூன்றாமடியில் திரும்பும். ஆங்கிலத்தில் அடிக்குப் பத்து அசை, இரண்டிரண்டு அடியாக இயைபு. தமிழில் அடிக்கு நாலு சீர் வைத்து, அதே ஜோடிகளுக்கு எதுகையும் போடுங்கள். இயைபு மட்டும் போட்டால் நம் காதுக்குச் சப்பென்றிருக்கும்.

பலரும் சறுக்கும் இடம், நீண்ட ஸ்வரத்தில் குறிலை வைப்பது. 'கொலை' அங்கே விழுந்தால் 'கோலை' ஆகிவிடும். அந்த இடத்தில் 'பாவி', 'ஊரே', 'தாயே' என்று நெடிலில் தொடங்கும் சொல்லாகப் பார்த்து வையுங்கள்.

நிதானமாகப் பாடினால் ஒரு சரணம் அரை நிமிடம். 8 சரணம் போதும்: ஊரை அழைக்க ஒன்று, வளர்ந்த கதைக்கு ஒன்று, ஆசைக்கும் கொலைக்கும் இரண்டு, பிடிபட்டதற்கு ஒன்று, சிறைக்கு ஒன்று, புத்திமதிக்கு ஒன்று, விடைபெற ஒன்று. பிரசங்கமாக இருக்கிறதே என்று புத்திமதியை வெட்டாதீர்கள். வாங்கியவர்களுக்கு அதுவும் சேர்ந்ததுதான் சரக்கு. கானாத் தாளம் மட்டும் சேர்க்க வேண்டாம். இழுத்துப் பாட வேண்டிய மெட்டு இது. அடி வேகமெடுத்தால், கதாநாயகி தூக்குமேடை ஏறுவதற்குள் பின்வரிசை எழுந்து ஆட ஆரம்பித்துவிடும்.