சுத்திகரிப்பான் வாங்குமுன் அலமாரியை நகர்த்திப் பாருங்கள்

செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்களுடையது ஏழாவது மாடியில் அடுக்குமாடி வீடு. நான், கணவர், ஆறு வயது மகன், மாமியார். மகனுக்குக் காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், இரவில் வறட்டு இருமல். நாங்கள் மூவரும் படுக்கும் அறையில் எப்போதும் ஒரு பூசண வாடை. மாமியார் காலையும் மாலையும் சாம்பிராணி போடுவார். கொசுவுக்குச் சுருளும் ஏற்றுகிறோம். ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்து காட்டிவிட்டு, 2,800 வெள்ளிக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் எடுக்கச் சொல்கிறார், மாதத் தவணையில். வாங்கலாமா? புகைமூட்டக் காலம் வேறு வருகிறது."

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சுத்திகரிப்பானால் பயன் உண்டு, அதற்கும் பிறகு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பூசண வாடையும் புகையும்தான் முதலில் என் கண்ணில் பட்டன. பூசணம் ஈரத்தால் வருவது. ஈரத்தை எந்தச் சுத்திகரிப்பானும் எடுக்காது. புகையை எடுக்கும், ஆனால் தினமும் இரண்டு வேளை நாமே புகையைப் போட்டுக்கொண்டிருந்தால் பாவம், அது பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் படுக்கையறை அலமாரியைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்துங்கள். டார்ச் அடித்துக் கீழ்மூலையைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அலமாரிக்குள் தோல் பெல்ட்டிலோ பழைய கைப்பையிலோ மாவு படிந்ததுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அதுவும் பூசணம்தான். மகன் தலைவைத்துப் படுக்கும் இடத்திலிருந்து அது எத்தனை அடி என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அது ஏன் அங்கே வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் வீடுகளில் நான் பார்த்த பூசணத்தில் பெரும்பகுதி ஏர்கோனை வைக்கும் விதத்தால் வந்ததுதான். மாமாக் கடையில் தே ஐஸ் கிளாஸை மேசையில் வைத்த இரண்டு நிமிடத்தில் வெளிப்பக்கம் வேர்த்து ஒழுகுகிறது இல்லையா? காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. கோலாலம்பூர்க் காற்றில் ஆண்டு முழுக்க நீராவி அதிகம். ஏறக்குறைய 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் அது வேர்க்கும். இரவெல்லாம் ஏர்கோனை 18இல் வைத்தால் சுவரும் அலமாரியின் முதுகும் அதற்குக் கீழே போய்விடுகின்றன. காலையில் கதவைத் திறந்ததும் கூடத்திலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து அந்தச் சுவரைத் தொடுகிறது. அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடாததால் பட்ட ஈரம் காய்வதில்லை. நாளுக்கு ஒரு முறை இப்படி நனைந்தால் பூசணத்துக்குப் போதும்.

ஆகவே இன்றிரவே ஏர்கோனை 25க்கு மாற்றுங்கள், மேலே விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். உடம்புக்கு அதே குளிர்ச்சி கிடைக்கும், மின்கட்டணமும் இறங்கும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி எப்போதும் இருக்கட்டும். ஏர்கோன் எத்தனை குதிரைத்திறன் என்றும் பாருங்கள். சீக்கிரம் குளிரட்டும் என்று சின்ன அறைக்கு 1.5 மாட்டிவிடுகிறார்கள். 12க்கு 11 அடி அறைக்கு 1 தாராளம். பெரியது சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுவென்று இருப்பது அதனால்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டி வலையைக் கழற்றித் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மழை நாளில் படுக்கையறையிலோ கூடத்திலோ கொடி கட்டினால் அதை நிறுத்த வேண்டும். இயந்திரம் பிழிந்த பிறகும் ஒரு வாளித் துணியில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அத்தனையும் அறைக் காற்றுக்குள்தான் போகும். பால்கனியிலோ, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்திலோ காயட்டும்.

20, 30 வெள்ளிக்குச் சின்ன ஈரப்பதமானி கிடைக்கிறது. உங்களுக்கு நான் வாங்கச் சொல்லும் முதல் பொருள் அதுதான். படுக்கையறையில் வைத்து இரண்டு வாரம் காலையும் இரவும் எண்ணைக் குறித்துவையுங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. எந்நேரமும் 70க்கு மேலேயே நின்றால், நான் சொன்னதையெல்லாம் செய்த பிறகும் இறங்காவிட்டால், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையருக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஈரம் இறங்கினால் மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிகளும் குறையும். எழுந்ததும் வரும் தும்மலுக்குப் பல வீடுகளில் அவற்றின் எச்சம்தான் காரணம். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

இருக்கும் பூசணத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துச் சுவரை நன்றாகக் காயவிடுங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், மகன் அப்போது அறையில் இருக்கக் கூடாது. குளோரோக்ஸ் போட்டால் அதோடு வினிகரையோ கழிப்பறைத் திராவகத்தையோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். மேலே பெயின்ட் அடித்து மறைப்பதால் பயனில்லை, சில மாதத்தில் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வரும். வாடைக்காக அந்துருண்டை போடுகிறவர்களும் உண்டு. ஜி6பிடி என்ற இரத்த நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அதன் ஆவியே இரத்த அணுக்களை உடைக்கக்கூடியது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள், மகனுக்கு என்ன சொன்னார்கள் என்று குழந்தையாக இருந்தபோது கொடுத்த மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் அந்துருண்டை வேண்டாம்.

ஈரம் கூரையில் திட்டாக இருந்தால் அது ஏர்கோன் சமாசாரம் இல்லை, மேல்வீட்டுக் கசிவாக இருக்கலாம். நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அடுக்குமாடிகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின்படி அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே விதி எடுத்துக்கொள்கிறது.

ஏர்கோனைப் பற்றி இன்னும் ஒன்று. நம் வீடுகளில் மாட்டும் வகை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றில் கரியமிலவாயு ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. வேலையிடங்களுக்கு மலேசிய வழிகாட்டி வைத்திருக்கும் வரம்பு 1,000. சின்ன அறையில் கதவு சன்னலெல்லாம் அடைத்து மூவர் தூங்கினால் விடிவதற்குள் 2,000ஐத் தாண்டுவது சாதாரணம். காலையில் தலை பாரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அறைக்கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள், கூடத்துச் சன்னலில் நாக்கோ கண்ணாடி இரண்டு பலகை திறந்திருக்கட்டும். சாலைப் புகை அதிகமான காலை நெரிசல் அடங்கிய பிறகு, பத்து மணிவாக்கில், வீட்டின் இரண்டு பக்கச் சன்னலையும் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விடுங்கள்.

இனி சாம்பிராணி. இது மாமியாரின் வழிபாடு, அதனால் நிதானமாகப் பேச வேண்டும். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசம் இல்லாமல் வளரவில்லை நான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் ஊதுவத்திப் புகையில் சிகரெட் புகையைவிட நுண்துகள் அதிகம். கம்ப்யூட்டர் சாம்பிராணியும் இதே கதைதான். மாமியாரிடம் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாற்றச் சொல்லிப் பாருங்கள். மகன் பள்ளிக்குப் போன பிறகு, பால்கனிப் பக்கமாக, சன்னலைத் திறந்துவைத்து ஒரு வேளை போடட்டும். மாலையில் விளக்கும் பூவும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பேரனின் இருமலுக்காக என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாத பாட்டி ரொம்பக் குறைவு.

கொசுவத்திச் சுருள் விஷயத்தில் நான் இவ்வளவு விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைக் கொளுத்தி அளந்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் பிஎம் 2.5 நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டார்கள். டெங்கிப் பயம் இருக்கிற ஊரில் கொசுவை அப்படியே விட முடியாது, அது எனக்கும் தெரியும். சன்னல்களுக்கு வலை அடியுங்கள். ஒரே ஒரு முறை செலவு, அதன் பிறகு சன்னலைத் தைரியமாகத் திறக்கலாம். பூச்சட்டித் தட்டிலும் ஏர்கோன் தண்ணீர் சொட்டும் வாளியிலும் நீர் தேங்காமல் பாருங்கள்.

சமையலறைக்கு ஒரு சோதனை. வீடுகளைப் பார்க்கப் போகும்போது என் பையில் எப்போதும் ஒரே ஒரு ஊதுவத்தி இருக்கும். அதைப் பற்றவைத்து அடுப்பருகே பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். போன ஆண்டு ஒரு வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. புகையோ ஏர்வெல் பக்கத்துச் சன்னலிலிருந்து உள்நோக்கி வளைந்து நேராகக் கூடத்துக்குப் போனது. இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஃபேன் காற்றை இழுக்கவேயில்லை, கீழ்வீட்டுச் சம்பால் வாடையெல்லாம் அவர்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இறக்கையைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவி மாட்டியதும் புகை திரும்பி வெளியே சாய்ந்தது. நீங்களும் செய்து பாருங்கள். ஊதுவத்தி வேண்டாமென்றால் ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் முன்னால் பிடியுங்கள், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாளிப்பதற்கு முன்பே ஃபேனைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டும் ஹூட் வாங்குவதானால் குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் வகையையே வாங்குங்கள். கரி வடிகட்டி வைத்து உள்ளேயே திருப்பிவிடும் வகை, வாடையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

மணி பிளான்ட் காற்றைச் சுத்தப்படுத்துமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அழகுக்கு வையுங்கள். சன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்துச் செடியாவது வேண்டியிருக்கும்.

இப்போது சுத்திகரிப்பானுக்கு வருவோம். புகைமூட்டத்துக்கு அது வேண்டும், படுக்கையறைக்கு ஒன்று இருந்தால் போதும். விற்பனையாளரிடம் மற்ற எதையும் கேட்க வேண்டாம், சிஏடிஆர் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தருகிறது என்ற கணக்கு அது. உங்கள் அறை 12க்கு 11 அடி, உயரம் 9 அடி என்று வைத்தால் ஏறக்குறைய 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை சுத்தமாக வேண்டுமென்றால் 170. ஆனால் பெட்டியில் அச்சிடும் எண் முழு வேகத்துக்கு உரியது, அந்தச் சத்தத்தில் பிள்ளை தூங்க மாட்டான். அதனால் 300 அளவில் உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும், அயனி, ஓசோன் என்று பேசுகிற எதுவும் வேண்டாம், ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும். இப்படிப்பட்டது சில நூறு வெள்ளிக்கே கிடைக்கிறது. மாற்று வடிகட்டியின் விலையையும் சேர்த்து விசாரியுங்கள்.

புகைமூட்டம் பெரும்பாலும் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் தென்மேற்குக் காற்றோடு வரும். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பத்து மூடா (Batu Muda) நிலையம். குறியீடு 100ஐத் தாண்டினால் சன்னல்களை அடைத்துச் சுத்திகரிப்பானைப் போடுங்கள், மாமியாரையும் அந்த அறையிலேயே படுக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பொரியல், சாம்பிராணி எதுவும் வேண்டாம், பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள். நுண்துகள் கணக்கு கடந்த 24 மணி நேரச் சராசரி என்பதால் புகை வந்த முதல் சில மணி நேரம் எண் குறைவாகவே காட்டும். தூரத்துக் கட்டடம் மங்கி, கண் கரித்தால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இவற்றில் எதையும் செய்வதற்கு முன்பே மகனைக் கிளினிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். இரவு இருமலுக்கு ஆஸ்துமா காரணமாக இருக்கலாம், அதற்கு மருந்து வேண்டும், காற்றைச் சுத்தப்படுத்துவது மருந்துக்குத் துணைதான். எந்த நேரத்தில் இருமுகிறான், மூச்சு விடும்போது விசில் சத்தம் வருகிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.