கேச் சர்வரும் ஓயாத டிஸ்கும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்குவிட் கேச் பிராக்ஸி (இணையப் பக்கங்களை நகலெடுத்து வைத்து, மறுபடி கேட்டால் தன்னிடமிருந்தே தரும் இடைநிலை சர்வர்) ஓடுகிறது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், அதில் 200 ஜிபி கேச்சுக்கு. டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை. 'நோஏடைம்' போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா? கேச் குழம்பிவிடாதா?

பதில்: தாராளமாகப் போடுங்கள், எதுவும் குழம்பாது. ஒரு கோப்பைப் படித்தாலே, படித்த நேரத்தை லினக்ஸ் டிஸ்கில் குறித்துவைக்கும். அதை நிறுத்துவதுதான் நோஏடைம். ஸ்குவிட் அந்தக் குறிப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எது பழசு, எதைத் தூக்கலாம் என்பதற்கு அதனிடம் சொந்தப் பட்டியல் இருக்கிறது. எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், கேச் இருக்கும் பார்ட்டிஷனின் வரியில் நோஏடைம் சேர்த்து ரீமவுண்ட் செய்தால் (அதாவது மறுபடி இணைத்தால்) போதும். ஸ்குவிடை நிறுத்த வேண்டாம். கோப்புறைகளுக்கும் இதுவே பொருந்தும், 'நோடிர்ஏடைம்' தனியாக வேண்டியதில்லை. அதே பார்ட்டிஷனில் மெயில்பாக்ஸ் இருந்தால் மட்டும் யோசியுங்கள். புது மெயில் வந்ததா என்பதைச் சில பழைய மெயில் நிரல்கள் இந்த நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன.

ஆனால் உங்கள் நண்பர் சொல்கிற அளவுக்குப் பலன் இருக்காது. 2009இல் வந்த 2.6.30 லினக்ஸ் கெர்னலில் இருந்தே, இந்தக் குறிப்பை அரிதாக மட்டும் எழுதும் 'ரிலாடைம்' முறை இயல்பாகிவிட்டது. மாறாத கோப்பை நாளெல்லாம் படித்தாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நேரம் எழுதப்படும். நோஏடைம் அந்த ஒன்றையும் நிறுத்தும், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் அந்த 200 ஜிபி மேல்தான். 64 பிட் கணினியில், டிஸ்க் கேச்சின் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 14 எம்பி ராமைப் பட்டியலுக்கே ஸ்குவிட் எடுத்துக்கொள்ளும். கேச் நிறைந்தால் 2.8 ஜிபி! மிச்சத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம், கேச்மெம் (ஸ்குவிட் ராமிலேயே வைத்திருக்கும் கேச்) எல்லாம் அடங்க வேண்டும். அடங்காதபோது ராமில் இருப்பது டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகும், டிஸ்க் அலறும். விஎம்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். தொடர்ந்து எண்கள் வந்துகொண்டே இருந்தால் ஸ்குவிட் அமைப்புக் கோப்பின் கேச்டிர் வரியில் கேச் அளவை 50 ஜிபியாகக் குறைத்து, ஸ்குவிடை ரீகான்ஃபிகர் செய்யுங்கள் (அமைப்புகளை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்). அதிகப்படியானதை அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடும். பெரிய இழப்பில்லை. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது மறையாக்கம் செய்து வருபவை. தனி ஏற்பாடு செய்யாவிட்டால் ஸ்குவிட் அவற்றை அப்படியே அனுப்பிவிடும், சேமிக்காது. உபுண்டு அப்டேட் மாதிரி சாதா எச்டிடிபியில் வருவதுதான் கேச்சில் தங்கும். அதற்கு 50 ஜிபி தாராளம்.

அந்தப் பத்திகள் பூஜ்யத்திலேயே நின்றால் குற்றவாளி டிஸ்க்தான். கல்லூரியிடம் ஒரு எஸ்எஸ்டி கேளுங்கள்.