காட்டுப் பட்டாணியா, பயிர்ப் பட்டாணியா: எப்படிக் கண்டறிவது?

காட்டுப் பட்டாணியையும் பயிர்ப் பட்டாணியையும் பிரித்தறியத் தோற்றம் போதுமா, மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றிய காயும் விதையும் கையில் இருந்தால் பெரும்பாலும் சோதனைக்கூடம் போக வேண்டியதில்லை. பூவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெள்ளைப் பூ பயிர் வகையின் அடையாளம்தான்; ஆனால் ஊதாப் பூ எதையும் உறுதிப்படுத்தாது. தீவனத்துக்கு வளர்க்கும் பல ரகங்களும் ஊதாவாகவே பூக்கின்றன.

காயைச் செடியிலேயே காய விடுங்கள். காட்டுச் செடியின் காய் படீரென்று பிளக்கும். இரு ஓடுகளும் முறுக்கிக்கொண்டு விதைகளைத் தெறிக்கவிடும். பயிர்க் காய் மூடியபடியே காத்திருக்கும். அடுத்து, விதையை ஊறப்போடுங்கள். பயிர் விதை ஓரிரவில் பருத்துவிடும். காட்டு விதையின் தோல் தடிப்பானது, சொரசொரப்பானது, நீரை உள்ளே விடாது. பல விதைகள் தோலைக் கீறினால்தான் முளைக்கும். தொல்லியலாளர்களும் விதையின் பருமனைவிட வழவழப்பான தோலையே பெரிதும் நம்புகிறார்கள். கருகிய விதைகளில் அந்தத் தோலே பெரும்பாலும் உதிர்ந்துபோயிருப்பதுதான் அவர்களுக்குள்ள சிக்கல்.

துருநிற ஆரஞ்சுப் பூ பூக்கும் பைசம் ஃபுல்வம் என்ற காட்டுப் பட்டாணி தனி இனம். அதில் குழப்பம் வராது. குழப்பம் எலாட்டியஸ் என்ற காட்டுப் பட்டாணியில்தான். பயிர்ப் பட்டாணியின் மூதாதையான அதைப் பலரும் தனி இனமாகக் கருதாமல், பயிர்ப் பட்டாணி இனமான பைசம் சட்டைவத்தின் துணையினமாகவே வைக்கிறார்கள். எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் விளையும் அபிசினிக்கம் என்ற பட்டாணியோ தனியாகப் பயிராக்கப்பட்ட இன்னொரு மரபுவழி.

மரபணுச் சோதனை உண்மையில் தேவைப்படுவது கலப்பினங்களுக்குத்தான். எல்லாவற்றிலும் 14 குரோமோசோம்கள் இருப்பதால் எண்ணிப் பார்த்துப் பயனில்லை. காய் வெடிப்பை ஆளும் டிபிஓ1 மரபணுவில் காட்டு வடிவமே ஓங்குதன்மை கொண்டது, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். எனவே முதல் தலைமுறைக் கலப்புச் செடியின் காயும் வெடிக்கும், பார்ப்பவருக்கு அசல் காட்டுச் செடியாகவே தெரியும். வயலோரத்தில் எடுத்த செடி என்றால் இந்த ஐயம் கட்டாயம் எழ வேண்டும். இலையின் பச்சையம் உள்ள பசுங்கணிகத்தின் டிஎன்ஏவை மட்டும் பார்த்தாலும் போதாது. அது பெரும்பாலும் தாய்வழியை மட்டுமே காட்டும். உட்கரு டிஎன்ஏவில் பல இடங்களை ஒப்பிட்டால்தான் இரு பெற்றோரும் வெளிப்படுவார்கள். மகரந்தத்தையும் நுண்ணோக்கியில் பாருங்கள்: சில காட்டு வகைகளில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருப்பதால், அவற்றின் கலப்பினங்களில் மகரந்தத்தின் கணிசமான பகுதி மலடாக இருக்கும்.