லெனின் படம் போட்ட ரெண்டு சோவியத் 100 ரூபிள் நோட்டு, ஒண்ணு போலியா?

வணக்கம் ப்ரோ, பயப்படாதீங்க. ஒண்ணுல 1961, இன்னொண்ணுல 1991னு போட்டிருக்கு, ரெண்டுலயும் லெனின் இருக்காரேனு கேட்டீங்க இல்ல, ரெண்டு வருஷத்துலயும் 100 ரூபிள் அச்சடிச்சிருக்காங்க, அதனால வருஷத்த மட்டும் வச்சு போலின்னு சொல்ல முடியாது.

கதை என்னன்னா, 1991 ஜனவரி 22 ராத்திரி டிவில திடீர்னு அறிவிப்பு, பழைய 1961 சீரிஸ் 50, 100 ரூபிள் ரெண்டும் இனி செல்லாது, மாத்திக்க மூணே நாள், அதுவும் ஒரு ஆளுக்கு 1000 ரூபிள் வரைக்கும்தான். அப்போ பிரதமரா இருந்த பாவ்லோவ் பேர்லதான் இத இன்னிக்கும் சொல்றாங்க. நம்ம 2016 நவம்பர் ராத்திரி ஞாபகம் வருதா? சின்ன நோட்டுங்க தப்பிச்சுது, ஆனா 1993 ஜூலைல ரஷ்யா அதையும் தூக்கிடுச்சு.

அதனால "சோவியத் கடைசி காலம், ரொம்ப அபூர்வம்"னு உங்களுக்கு விக்கற ஆள் கேக்கற 3000 ரூபாய குடுக்காதீங்க, இதெல்லாம் கோடிக்கணக்குல அடிச்ச சரக்கு. மடிப்பே இல்லாத புது நோட்டுன்னா மட்டும் கொஞ்சம் கூட குடுக்கலாம். அப்புறம் அயர்ன் பண்றேன், துடைக்கறேன்னு எதுவும் செஞ்சிடாதீங்க, மதிப்பே போயிடும். சீரியல் நம்பர் தெரியற மாதிரி ரெண்டு பக்கமும் போட்டோ போடுங்க, பாத்து சொல்றேன்.